ஒஸ்தாவின் ஒகரம்

2025 ஜூலை 8, செவ்வாய்

கூட்டம் ஒன்பதரைக்கு என்றார்கள். பணிப்பாளர் மெடம் வந்தது பத்தேகாலுக்கு.

நூலகத்தின் ஆண்டு விழாவுக்கு அரிய நூல்கள், ஆவணங்கள் கண்காட்சி. போன மாதம் தமிழுக்கு மூன்று கண்ணாடிப் பெட்டி என்று பேச்சு. இன்று ஒன்று. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன். அனுசரணை தருபவர்களின் பலகைக்கு இடம் வேண்டாமா ஷஹீமா என்றார் மெடம், சிங்களத்தில். அந்தப் பலகையை யார் வந்து வாசிக்கப் போகிறார்களோ.

பட்டியலில் பதினேழாம் இலக்கம்: "அரபுப் பிரார்த்தனை நூல். கையெழுத்துப் பிரதி. ஆசிரியர் தெரியவில்லை." ஒரு டொக்டரின் குடும்பம் கொடுத்த புத்தகங்களோடு எழுபது வருஷத்துக்கு முன் வந்த கொப்பி. அன்றைக்கு யாரோ எழுதிய அட்டை இன்னும் அப்படியே நிற்கிறது. நான் பத்தொன்பது வருஷமாக அரிய நூல் அறையில் இருக்கிறேன். அது பிரார்த்தனையும் இல்லை, அரபும் இல்லை. எழுத்து அரபு, மொழி தமிழ். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் நாங்கள் எல்லோரும் வாசித்த அரபுத் தமிழ்தான். முதல் பக்கத்திலேயே "பனிக்குடம் உடைந்து" என்று இருக்கிறது. பிரார்த்தனை நூலில் பனிக்குடம் ஏன் உடைகிறது?

சொன்னேன். மெடம் பேனையை மூடினார். "அதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும்."

நான் நூலக உதவியாளர். சரி.

ஜூலை 14, திங்கள்

நிபுணர் வந்தார். அரபு படிப்பிக்கிறவர். அரை மணித்தியாலம் புரட்டினார். இது அரபு இல்லை, மலாய் அல்லது பாரசீகமாக இருக்கலாம் என்றார். பக்கத்தில்தான் நின்றேன். "சேர், தமிழ்" என்றேன். சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 15

பட்டியலைத் திருத்திவிட்டார்கள். "மலாய் அல்லது பாரசீகப் பிரார்த்தனை நூல்."

ஜூலை 23, புதன்

இன்று கொஞ்சம் மூச்சு வந்தது. கண்காட்சியைப் பொறுப்பெடுக்க வெளியிலிருந்து ஒருவரை நியமித்திருக்கிறார்கள். கலாநிதி அர்ஷாத். முப்பத்தைந்து வயதிருக்கும், லண்டனில் படித்துவிட்டு வந்தவர், எங்கள் ஆள். வந்ததும் அக்கா முறை வைத்து "ராத்தா" என்று கூப்பிட்டார். அந்த அறையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்கு அரபு நன்றாகத் தெரியும், அரபுத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஆனால் காது கொடுத்துக் கேட்டார். "நீங்க சொல்றது சரி ராத்தா. பிரசவக் குறிப்பு. பெரிய விஷயம் இது. கொஞ்சம் எழுதித் தர ஏலுமா?" என்றார். பன்னிரண்டு பக்கம் ஏற்கெனவே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அப்படியே கையில் கொடுத்தேன்.

பிறிஜெற்றிடம் சொன்னேன். புத்தகங்களைச் செப்பனிடும் பகுதியில் இருப்பவள், கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவள், பன்னிரண்டு வருஷமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அவள் கேட்ட முதல் கேள்வி: "பிரதி ஒண்டு எடுத்து வைச்சிட்டுக் குடுத்தனீரா?"

"என்னத்துக்கு?"

"சும்மா கேட்டனான்."

ஓகஸ்ட் 4, திங்கள்

லேபல் வந்தது. மூன்று மொழியிலும். "கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் அறிஞர், உஸ்தாத் ஒருவரின் மருத்துவக் குறிப்பேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி."

அறிஞராம்! நான் எழுதிக் கொடுத்தது "ஒஸ்தா". அதற்கு அடுத்த சொல் பூச்சி அரித்துப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் இந்தச் சொல் முழுதாக இருக்கிறது. அரபில் ஒகரம் கிடையாது, அதனால் அரபுத் தமிழில் அதற்கென்று தனிக் குறி போடுவார்கள். அந்தக் குறி அங்கே இருக்கிறது. கறுப்பு மையில், தெளிவாக.

அர்ஷாத்திடம் போனேன்.

"ராத்தா, ஒஸ்தா எண்டா சுன்னத்து வைக்கிற ஆள், முடி வெட்டுற ஆள். அந்த ஆக்களுக்கு அந்தக் காலத்துல இப்பிடி எழுதத் தெரிஞ்சீக்குமா? உஸ்தாத் எண்டு வாசிச்சுப் பாருங்க, எல்லாம் பொருந்துது."

"மேல ஒகரக் குறி ஈக்கிது."

"அது பூச்சி அரிச்ச இடம்."

பூச்சிக்கும் குறிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த ஏடுகளைத் தட்டித் துடைத்தேன்?

அதைவிட இன்னொன்று. "அந்த ஆக்கள்" என்றாரே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் வாப்பாவின் வாப்பா மருதானையில் ஒஸ்தா. அவர் பெண்சாதியை எல்லோரும் ஒஸ்தா மாமி என்றுதான் கூப்பிட்டார்கள், தெருவில் பிரசவம் பார்த்ததெல்லாம் அவர்தான். வாப்பா தேயிலைக் கம்பனியில் கிளாக்காகி, வெள்ளவத்தைக்கு வீடு மாறி, அந்தக் கதையை அதோடு நிறுத்திவிட்டார். ஹஸனுக்கும் நான் சொன்னதில்லை. கலியாணம் முடித்து இருபத்துநாலு வருஷம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இப்போது கோபம் யார்மேல்? அர்ஷாத் மேலா, என் மேலா?

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மகள் நிம்றாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து வந்தார்கள். தெஹிவளை ஆட்கள். மகன் இன்ஜினியர், நல்ல பிள்ளை போலத்தான் தெரிகிறான். அவன் உம்மா வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "உங்கட வாப்பாட ஆக்கள் எந்தப் பக்கம்? என்ன செஞ்சவங்க?"

"மருதானை. வாப்பா தேயிலைக் கம்பனில ஈந்தாரு."

பொய் இல்லை. ஆனால் சொல்லிவிட்டு ஹஸன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

அர்ஷாத் பன்னிரண்டு பக்கத்தோடு நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை. மதிய இடைவேளையில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று போய், இன்று முப்பத்தோராம் பக்கம். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஆயிரத்து முந்நூற்றுப் பத்து, ஷஃபான் பிறை ஒன்பது. கொட்டாஞ்சேனை, கோயிலுக்குப் பின் வளவு, அந்தோனிப்பிள்ளை பொஞ்சாதி. ரெட்டை. மூத்தது தலை, இளையது கால். இளையதுக்கு மூச்சில்லை. பாதிரி வருமட்டும் தாங்காது, நீ தண்ணி ஊத்து என்று தாய் என் கையைப் புடிச்சிக் கெஞ்சினாள். நானும் ஆறு பெத்தவள். அவள் சொல்லித் தந்த சொல்லை நானும் சொல்லி ஊத்தினேன். அல்லாஹ் என் நிய்யத்தை அறிவான். அஸர் தொழுகைக்கு முன் பிள்ளை அழுதது."

நானும் ஆறு பெத்தவள்.

இனி என்ன சொல்வார்கள்? அறிஞர் ஆறு பெற்றாரா? இது ஒஸ்தா மாமி. பெண். பக்கத்தின் அடியில் பெயரும் இருக்கிறது: ரஹ்மா பீபி. கொப்பியை மூடிவிட்டு அறைக்குள் மூன்று முறை நடந்தேன். பாதுகாப்பு ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஓகஸ்ட் 20, புதன்

மெடம்: கண்காட்சிக் கையேடு அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

நான் எழுதியெடுத்த பக்கத்தை அர்ஷாத் இரண்டு தரம் வாசித்தார். முகம் மாறியது, பார்த்தேன். ஆனால் சொன்னது வேறு. "ராத்தா, இத இப்ப வெளிய சொல்ல ஏலா. முஸ்லிம் பொம்புள ஒராள் ஞானஸ்நானம் குடுத்தா எண்டு போட்டா ரெண்டு பக்கத்தாலயும் சண்டைக்கு வருவாங்க. கண்காட்சி முடியட்டும்."

"அப்ப உஸ்தாத் எண்டத மட்டுமாவது எடுங்க."

"நான் ஒரு கட்டுரையும் அனுப்பிட்டேன், ராத்தா. அடுத்த மாசம் மலேசியாவுல வாசிக்கணும்."

அதுதான் விஷயம். அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, இந்த நாட்டில் சின்னத் தீப்பெட்டி போதும், எனக்கும் தெரியும். அந்தப் பாதி நியாயத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. மற்றப் பாதியை அவர் அதற்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்.

ஓகஸ்ட் 25, திங்கள்

திறப்பு விழா. மங்கள விளக்கு, வெற்றிலைத் தட்டு, மூன்று மொழியில் வரவேற்பு. அர்ஷாத் பதினைந்து நிமிஷம் பேசினார், நன்றாகவே பேசினார். "அன்றைய கொழும்பின் முஸ்லிம் அறிஞர் ஒருவர், சமய வேறுபாடு பாராமல் வைத்தியம் செய்திருக்கிறார்." கைதட்டல். நன்றியுரையில் "நூலக ஊழியர்களுக்கும்".

அவ்வளவுதான் நான். அவ்வளவுகூட இல்லை ரஹ்மா பீபி.

பிறிஜெற் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் முப்பத்தோராம் பக்கத்தை வாசித்துக் காட்டியிருந்தேன். "கோயிலுக்குப் பின் வளவு எண்டால் எங்கட பக்கம்தான். திகதி இருக்குதோ?" என்று கேட்டாள். ஹிஜ்ரி வருஷத்திலிருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன்: 1893 பெப்ரவரி கடைசி.

ஓகஸ்ட் 26

கண்ணாடி துடைத்தேன். லேபலை வாசிக்காமல் துடைக்க முடியவில்லை.

செப்டெம்பர் 2, செவ்வாய்

என்ன எழுதுவது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

பிறிஜெற் சனிக்கிழமை தன் கோயில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறாள். பங்குத் தந்தை தானே எடுத்துப் புரட்டியிருக்கிறார். பதிவு லத்தீனில். 1893 மார்ச் முதல் வாரம், அந்தோனிப்பிள்ளையின் இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் சூசை, கோயிலில். இளையவன் லாசர் — "மரண ஆபத்தில், வீட்டில், சோனக மருத்துவிச்சியால் ஞானஸ்நானம் பெற்றவன்."

இன்று சாப்பாட்டு நேரத்தில் பதிவைப் படமெடுத்த போனை என் முன்னால் வைத்தாள். "இந்தாரும். லத்தீனில இந்தச் சொல் பொம்பிளைக்குத்தான் வருமாம், பாதர் சொன்னவர்."

"அவருக்குக் கோபம் வரல்லயா? ஒரு முஸ்லிம் பொம்புள…"

"இல்லையப்பா. உயிருக்கு ஆபத்தெண்டால் ஆரும் குடுக்கலாமாம், முஸ்லிமா இருந்தாலும் செல்லுமாம். அதை எழுதினவரும் ஒரு பாதர்தானே. அவருக்கு இல்லாத பிரச்சினை எங்களுக்கு என்ன?"

மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். சோற்றுப் பார்சல் திறந்தபடி கிடந்தது. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன் இரண்டு பேர், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே பிள்ளையைப் பற்றி ஒரே விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

செப்டெம்பர் 4, வியாழன்

மெடத்திடம் எல்லாவற்றையும் வைத்தேன். இருபது நிமிஷம் பார்த்தார். "மிக நல்ல கண்டுபிடிப்பு, ஷஹீமா. எழுத்தில் தாருங்கள். குழுவில் வைக்கிறேன்."

"எப்போது மெடம்?"

"கண்காட்சி முடிந்த பிறகு."

பிறகு யாருக்குக் காட்ட? அர்ஷாத் மலேசியாவில். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அங்கே உஸ்தாத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பார்.

எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், இறங்கும்போதுதான் தாடை வலிப்பது தெரிந்தது.

செப்டெம்பர் 12, வெள்ளி

செய்துவிட்டேன்.

பயிற்சி மருத்துவிச்சிகள் முப்பது பேர் வந்தார்கள். எல்லாரும் தமிழ் பேசுகிற பிள்ளைகள், வெள்ளைச் சீருடை. விளக்கம் சொல்ல வேண்டிய அர்ஷாத் இல்லாததால் மெடம் என்னைப் போகச் சொன்னார். "லேபலில் இருப்பதை வாசித்தால் போதும்."

வாசித்தேன். உண்மையாகவே அதை மட்டும்தான் வாசித்தேன். முஸ்லிம் அறிஞர், உஸ்தாத். முன்னால் நின்ற பிள்ளை, ஹட்டன் பக்கம் போல, கையைத் தூக்கினாள்.

"மிஸ், அந்தக் காலத்துல பிரசவ ரூமுக்குள்ள ஆம்பளைய விட்டிருப்பாங்களா?"

அவ்வளவுதான் கேள்வி. குழுவில் ஒருவருக்கும் வராத கேள்வி. எனக்கே வரவில்லையே. நான் ஒகரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"விட்டிருக்க மாட்டாங்க" என்றேன். "இது பொம்புள எழுதினது. பேரு ரஹ்மா பீபி." முப்பத்தோராம் பக்கத்தை வாசித்தேன், பார்க்காமலே வருகிறது. நானும் ஆறு பெத்தவள் என்ற இடத்தில் பின்னால் நின்றவர்களும் முன்னால் வந்தார்கள். பிறகு ஒருத்தி மற்றவளுக்கு மெதுவாகச் சொன்னாள், இரட்டையில் இரண்டாவது காலால் வந்தால் எவ்வளவு கஷ்டம் என்று. கையால் காட்டிக்கூடச் சொன்னாள். எனக்குத் தெரியாத விஷயம் அது. அந்த ஒரு வரிக்குள் ரஹ்மா பீபி எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

"ஒஸ்தா எண்டா என்ன மிஸ்?"

சொன்னேன். சுன்னத்து வைக்கிறவர் ஒஸ்தா, பிரசவம் பார்க்கிற அவர் பெண்சாதி ஒஸ்தா மாமி, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவார்கள், ஆனால் அந்த வீடுகளில் அவர்களைக் கதிரையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்கட வாப்பாட குடும்பமும் ஒஸ்தா குடும்பம்தான்."

யாரோ போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வீடியோ எல்லா இடமும் போய்விட்டது. தெஹிவளையிலிருந்து போன் கோல். பையனின் உம்மா பேசவில்லை, தரகர் பேசினார். பொருத்தம் சரி வரல்லயாம்.

ஹஸன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. "இருவத்துநாலு வருஷம், ஷஹீமா. ஊர் ஆக்கள் ஃபேஸ்புக்கில அனுப்பித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

ஒஸ்தா என்பதற்காக அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, மறைத்ததற்குச் சொல்கிறார். மெடத்தின் மேலும் அர்ஷாத்தின் மேலும் நான் வைத்த குற்றச்சாட்டும் அதுதானே — தெரிந்தும் மறைத்தார்கள் என்று.

நிம்றா அழவில்லை. "உம்மா, எனக்காவது முந்திச் சொல்லீக்கலாம்" என்றாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. சரிதான். சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேணும்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

அர்ஷாத் போன் எடுத்தார், விமான நிலையத்திலிருந்து. "என்னய அவமானப்படுத்திட்டீங்க ராத்தா."

"நீங்க அங்க ஈக்கல்லயே. முப்பது பிள்ளைகள்தான் ஈந்தாங்க. அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன்."

பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது.

"கோயில் பதிவு ஒண்டு ஈக்கிதாம் எண்டு மெடம் சொன்னாங்க, எனக்கு அனுப்புங்க."

"ரெண்டு தரம் அனுப்பிட்டேன்."

"இல்ல… நான் தொறந்து பாக்கல்ல."

அனுப்பினேன். மூன்றாம் தரம். பதிவைக் கண்டெடுத்தவர் பிறிஜெற் என்று பெரிய எழுத்தில் போட்டு.

செப்டெம்பர் 19, வெள்ளி

கடைசி நாள். நூலகத்தில் இவ்வளவு பெண்களை நான் பார்த்ததில்லை. மருதானை, தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை. கறுப்பு அபாயாவும் செபமாலையும் ஒரே வரிசையில். சண்டைக்கு வந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஆண்கள், இரண்டு பேரும் பெட்டியைப் பார்க்காமலே பேசினார்கள். வரிசையில் நின்ற ஒரு வயதான மனிசி அவர்களை வழி விடச் சொன்னார், விட்டார்கள்.

இரண்டு மணிக்கு மெடம் வந்து லேபலை எடுத்துவிட்டார். புதியது வைக்கக் குழுவின் அனுமதி இல்லை, பழையதை வைத்திருக்கவும் முடியவில்லை. கண்காட்சியின் கடைசி மூன்று மணித்தியாலம் பதினேழாம் இலக்கம் லேபல் இல்லாமல் இருந்தது. இதற்கு நான் சிரிப்பதா?

ஐந்து மணிவரை பக்கத்தில் நின்று வாயால் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

வீட்டில் ஹஸன் பேசுவது "கதவப் பூட்டினியா" மட்டும்.

ஒக்டோபர் 3, வெள்ளி

குழு கூடியது. பதிவைத் திருத்தலாமாம். என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ஆசிரியர்: ரஹ்மா பீபி, மருத்துவிச்சி. மொழி: தமிழ். வாசித்தவர் என்ற இடத்தில் என் பெயரை மெடம் தானே சொல்லிப் போட வைத்தார், ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிழையோடு. திருத்த இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பினேன்.

அர்ஷாத் கட்டுரையை அச்சுக்குப் போகுமுன் திரும்ப எடுத்துவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை, மெடம் சொன்னார். இன்று என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார். ராத்தா என்று கூப்பிடவில்லை.

ஒக்டோபர் 6, திங்கள், போயா

பௌர்ணமி விடுமுறை, எல்லோரும் வீட்டில். காலையில் மழை. நிம்றா புதிய வேலைக்கான நேர்முகத்துக்கு இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு அவளுக்கு வேறு இடம் எதுவும் வரவில்லை.

ஹஸனின் தங்கை போன் எடுத்தாள். முன்னறையில் அவர் பேசுவது கேட்டது. "ஓ, ஒஸ்தா குடும்பம்தான்… இல்ல, எனக்குத் தெரியா… அது எனக்கும் அவளுக்கும் உள்ள கத, நீ அத விடு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குசினிக்கு வந்தார். மூன்று கிழமைக்குப் பிறகு. தண்ணீர் குடித்தார், கோப்பையைக் கழுவினார், அங்கேயே நின்றார்.

"அந்தப் பிள்ளை பொழச்சிச்சா?"

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. வீடியோவை முழுதாகப் பார்த்திருக்கிறார்.

"பொழச்சிச்சி" என்றேன். "பிறிஜெற் கலியாணப் பதிவும் தேடிப் பாத்தா. இருவத்தேழு வயசுல அதே கோயில்ல முடிச்சீக்கிறான்."

தலையை ஆட்டினார். அடுப்புப் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்தப் பக்கங்கள்ல என்ன ஈக்கிது?"